குடத்தில் யார் பெயர் இருந்தது?

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். சில வருடங்களாக வட்டார வள மையத்தில் நடக்கும் பணியிடைப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகவும், அதாவது ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துபவராகவும், போய்வருகிறேன். அங்கே நான் செய்யும் வேலைகளில் மனசுக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர்ப் பொது விஷயம் ஒன்றைப் பற்றி மாணவர்கள் மூல ஆவணத்தைப் படிக்க வேண்டும், படித்து, காரணத்தோடு ஒரு பத்தி எழுத வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைத் தயார் செய்வதுதான் அந்த வேலை.

முதல் வருடப் பயிற்சி பலன் தரவில்லை. அன்று நான் பிபிடி போட்டுப் பேசினேன். கருத்து, சான்று, விளக்கம் என்று திரையில் மூன்று பெட்டிகள். எல்லோரும் கவனமாகக் குறிப்பெடுத்தார்கள், செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பள்ளிகளுக்குப் போய் மாணவர்களின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற பழைய கட்டு அப்படியே இருந்தது. நடுவில் 'சான்று' என்று புதிதாக ஒரு உள்தலைப்பு. அதன் கீழே எல்லா நோட்டிலும் ஒரே திருக்குறள்.

அதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் எல்லோரும் பேச்சுப்போட்டியும் பட்டிமன்றமும் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே எந்த அணி என்பது முதலிலேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகுதான் மேற்கோள் தேடப் புறப்படுகிறோம். எனக்கு மேடைப் பேச்சு வந்ததே அந்த வழியில்தான், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஊர்க் குடிநீர்த் தொட்டியைக் கழுவினார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க அது உதவாது. ஆவணத்தைப் படித்தபின் தன் கருத்தை மாற்றி எழுதிய அனுபவம் ஒரு முறையாவது இல்லாத ஆசிரியர், அதை மாணவருக்குக் கற்றுத்தர முடியாது. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

அடுத்த வருடம் பிபிடி இல்லை. காலையில் உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். "உத்திரமேரூர் குடவோலை முறை மக்களாட்சியா? பத்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்" என்றேன். பாடநூலில் வரும் பகுதி, எல்லோரும் பலமுறை நடத்தியது. ஏறக்குறைய எல்லாத் தாளும் ஒரே மாதிரி வந்தது: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் தேர்தல் நடத்தினார்கள், உலகுக்கே வழிகாட்டினார்கள். தாள்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை.

பிறகு கல்வெட்டுத் தாளைக் கொடுத்தேன். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை அந்தக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. அதாவது 919, 921. முழுக் கல்வெட்டையும் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இருபது வரி அளவுக்கு இன்றைய தமிழில் எழுதிக்கொண்டேன். மேலே மட்டும் மூல வாசகத்தில் சில சொற்களைப் பெரிய எழுத்தில் விட்டுவைத்தேன். 'காநிலத்துக்கு மேல் இறைநிலம் உடையான்' என்ற ஒரு தொடருக்கே கால் மணி நேரம் போனது. கா என்றால் கால், கால் வேலி நிலம். வேலி என்பது பழைய நில அளவு. இறை என்றால் வரி. அதைத் தாங்களே உடைத்துப் பொருள் கண்டதும் அறையின் சத்தமே மாறிவிட்டது. மூலத்தில் ஒரு வரியாவது அப்படியே இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றையும் எளிமையாக்கிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு பாடநூலாகிவிடுகிறது.

ஒவ்வொரு விதியாக உரக்கப் படித்தோம். முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபையில் இருக்கும் நம்பிமாரில், அதாவது கோயில் பூசகர்களில், மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சார், "நம்ம பூத்ல மாக் போல் முடிச்சு ஏஜென்ட்டுங்க முன்னாடி மெஷினை கிளியர் பண்ணிக் காட்டுறோமே, அதே கதைதான்!" என்றார். அறையில் பாதிப் பேர் தேர்தல் பணிக்குப் போனவர்கள். விரலை ஏன் விரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்தது.

அடுத்தது கணக்கு விதி. வாரியத்தில், அதாவது இப்படித் தேர்ந்தெடுக்கும் ஊர்க் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. விலக்கு அவரோடு முடியாது: பெரியம்மா சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் வர முடியாது. பதவி 360 நாள். எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் எழுதிய பத்தி சரிதான் என்ற நிறைவு முகங்களில் தெரிந்தது.

தகுதி விதியைக் கடைசியில் வைத்திருந்தேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதி ஓதத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் (உரை நூலும்) கற்றவராக இருக்க வேண்டும். ஊரே பிரம்மதேயம், சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஜன்னல் ஓரம் இருந்த ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "இருபது வருஷமா இதைப் பெருமையா நடத்துறேன் சார். எங்க காலனிக்காரங்க பேரு இந்தக் குடத்துல ஒரு நாளும் விழுந்திருக்காது. என் பேரும் விழுந்திருக்காது. எல்லாமே 'உடையான்'னுதான் இருக்கு."

அந்த நேரத்தில் கருத்தாளர் செய்ய வேண்டியது பேசாமல் இருப்பது. எனக்கு உடனே சமாதானம் சொல்லத் தோன்றியது. சொல்லியிருந்தால் அந்த அறையில் நடக்க வேண்டியது நடந்திருக்காது. பக்கத்தில் இருந்த தமிழாசிரியர், காலையில் எல்லோரையும்விடப் பெருமிதமாக எழுதியவர், தன் தாளைத் திருப்பிக் கேட்டார்.

இரண்டாம் முறை எழுதச் சொன்னேன். இப்போது பலர் எதிர்த் திசைக்குத் தாவினார்கள்: 'இது மக்களாட்சியே இல்லை, வெறும் ஏமாற்று.' இதுவும் பட்டிமன்றம்தான், அணி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படி எழுதியவர்களிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "அப்படியானால் அந்தக் கணக்கு விதியை என்ன செய்வது?" ஏமாற்று மட்டுமே நோக்கம் என்றால் மருமகன் வரைக்கும் எதற்கு விலக்க வேண்டும்? மூன்றாம் முறை எழுதினார்கள். அந்த டீச்சர் எழுதிய வாக்கியம் இன்னும் என்னிடம் இருக்கிறது: 'பதவிக்கு வந்தவரிடம் கணக்குக் கேட்பதில் இந்தச் சபை கண்டிப்பாக இருந்தது, யார் பதவிக்கு வரலாம் என்பதில் ஊரின் பெரும்பகுதியை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.' காலையில் எழுதியதைவிட இது எவ்வளவோ நேர்மையானது. நம் முன்னோரை இது குறைத்துவிடவும் இல்லை.

சான்று நமக்குப் பிடித்த கருத்துக்கு ஒத்துவரும்போது அதில் கற்க ஒன்றும் இல்லை. ஒரே ஆவணத்தில் இரண்டு பக்கமும் இழுக்கிற வரிகள் இருக்க வேண்டும். ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இன்று முதலில் பார்ப்பது இதைத்தான்.

மதியம் வேறு சிக்கல். கருத்து இருக்கிறது, கல்வெட்டு வரி இருக்கிறது, இரண்டையும் சேர்க்கும் வாக்கியம் இல்லை. வரியை எடுத்துப் போட்டுவிட்டு, 'எனவே இது தெளிவாகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். என்ன தெளிவாகிறது, எப்படித் தெளிவாகிறது? இதற்கு நான் வைத்திருந்த விளக்கம் யாருக்கும் பிடிபடவில்லை. கைகொடுத்தவர் அதே தமிழாசிரியர்தான். "சார், இது மணிமேகலையில இருக்கு" என்று கரும்பலகைக்கு வந்தார். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தருக்க முறை, சொல்லும் இடம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கருத்து. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. "நாம பக்கத்தை எழுதுறோம், புகையையும் காட்டுறோம். ஆனா புகை இருந்தா நெருப்பு ஏன் இருக்கணும்னு எழுதறதில்ல. அடுக்களையை விட்டுடறோம்." அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் விடுபட்ட அந்த வாக்கியத்துக்கு 'அடுக்களை வரி' என்றே பேர். 'அடுக்களை எங்கே?' என்று ஆசிரியர்கள் ஒருவர் தாளில் ஒருவர் எழுதிக்கொடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக் கையேட்டில் இருந்து நான் எடுத்து வந்த சொற்கள் செய்யாததை, நம் கையில் ஏற்கெனவே இருந்த சொல் செய்தது. தமிழ் ஆசிரியரையும் சமூக அறிவியல் ஆசிரியரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

இரண்டாம் நாளுக்கு அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் இருந்து இரண்டு துண்டுகள். 1948 நவம்பர் 4 அன்று வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை மிகக் கடுமையாகச் சொல்கிறார்: உள்ளூர்வாதம் தேங்கிய இடம், அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் குகை. வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்கிறார். நவம்பர் 22 அன்று, சென்னை மாகாணத்தில் இருந்து போன கே.சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அரசு அமைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார். அதுதான் இன்றைய 40ஆவது பிரிவு.

விவாதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழாக்கம் நாங்களே செய்தோம். ஆங்கிலத்தில் அவர் சொன்ன 'சிங்க்' என்ற சொல்லில் எல்லோரும் நின்றுவிட்டோம். ஒருவர் சாக்கடை என்றார். இன்னொருவர் தேங்கிய குட்டை என்றார். சாக்கடை என்று போட்டால் மாணவர் கோபத்தோடு எழுதுவார். குட்டை என்றால் வெளியுலகத்தோடு போக்குவரத்து இல்லாத இடம் என்ற பொருள் வரும். மொழிபெயர்ப்பவர் அந்த ஒரு சொல்லிலேயே பாதி வாதத்தை முடித்துவிடலாம். அதனால் தாளில் தேங்கிய என்ற சொல்லைப் போட்டு, அடியில் மூலச் சொல்லையும் அதன் மற்றப் பொருள்களையும் ஒரு வரியில் எழுதினோம். மாணவருக்கு இதெல்லாம் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அடிக்குறிப்பைத்தான் முதலில் படித்தார்கள்.

'அம்பேத்கர் மனம் மாறிவிட்டார்' என்று பல ஆசிரியர்கள் எழுதினார்கள். "எந்த வரியில் இருக்கு?" என்று கேட்டேன். ஏற்கிறேன் என்றாரே தவிர, ஏன் என்று அங்கே விளக்கவில்லை. மனம் மாறியும் இருக்கலாம், சபையின் விருப்பத்துக்கு இணங்கியும் இருக்கலாம். தாளில் இருப்பது திருத்தத்தை ஏற்றார் என்ற அளவுதான். இந்த 'எந்த வரியில் இருக்கு?' என்ற கேள்வியைக் கோபமோ கேலியோ இல்லாத குரலில் கேட்கப் பழகுவது முக்கியம். முதல் நாள் கேட்டால் குற்றம் கண்டுபிடிப்பது போல இருக்கும். மூன்று முறை ஆசிரியர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட பிறகு அது சாதாரணமாகிவிடும்.

அன்று மாலை அந்தக் காலனி டீச்சர் தானாகவே ஒரு தொடர்ச்சியைக் கண்டார். 73ஆவது திருத்தம், 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல். தமிழ்நாட்டில் பெண்களுக்கு அதை 2016இல் 50 விழுக்காடு ஆக்கினார்கள். "கிராமத்தைப் பத்தி அவர் பயந்ததுக்கும், அந்தக் குடத்துக்கும், ரெண்டுக்கும் பதில் இதுல இருக்கு சார்" என்றார். மூன்று ஆவணத்தையும் வைத்து அவர் எழுதிய பத்தியை அனுமதி வாங்கி, பெயர் இல்லாமல், மாதிரியாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நாம அரசு ஊழியர். பஞ்சாயத்தைக் கேள்வி கேட்டுப் பிள்ளைகளை எழுத வைக்கலாமா? நாளைக்கு யாராவது ஹெச்.எம். ரூமுக்கு வந்தா?" நியாயமான கேள்வி. அரசமைப்பின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மை, ஆராய்ந்து கேட்கும் உணர்வு, சீர்திருத்த நாட்டம் ஆகியவற்றை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று இருக்கிறது. 1976இல் 42ஆவது திருத்தம் சேர்த்த பகுதி. அதைக் காட்டுவேன். ஆனால் பிரிவு எண் மட்டும் தைரியம் தராது. நடைமுறையில் உதவியது இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, ஆயிரம் வருடம் தள்ளி இருக்கும் ஆவணத்தில் தொடங்குவது. உணர்ச்சி கொஞ்சம் ஆறியிருக்கும், பழக்கம் படிந்துவிடும். இன்னொன்று, தலைமையாசிரியரையும் ஒரு நாள் கூட்டி வந்து உட்கார வைத்து எழுத வைப்பது. தானும் எழுதித் திருத்திய தலைமையாசிரியர், கேட்டு வருபவரிடம் நின்று பேசுவார்.

நேரமும் மதிப்பெண்ணும் அடுத்த தடை. "போர்ஷன் முடியல சார்" என்பார்கள். உண்மைதான். அதனால் முழுக் கட்டுரையே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஒரு பீரியடில் ஒரு ஆவணம், ஒரு பத்தி, ஏழெட்டு வரி. புக் பேக் கேள்வியில் வரும் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவை எடுத்துக்கொண்டு, அதை 'எந்த அளவுக்கு' என்ற கேள்வியாக மாற்றினால் போதும். 'குடவோலை முறையை விவரி' என்பது 'குடவோலை முறை எந்த அளவுக்கு மக்களாட்சி?' என்றாகும். திருத்தும்போது எழுத்துப்பிழை, கையெழுத்து எதையும் தொடாமல் அடுக்களை வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நாற்பது தாள் திருத்த முக்கால் மணி நேரம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழிக்கும் பழக்கத்தை விடுவதுதான் ஆசிரியர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பயிற்சி முடிந்து ஒன்றரை மாதம் கழித்து ஒரு அரை நாள் கூடுவோம். மாணவர் எழுதிய மூன்று தாளோடு வர வேண்டும்: நன்றாக வந்தது ஒன்று, சுமார் ஒன்று, வராதது ஒன்று. வராத தாளைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவோம். என் அனுபவத்தில் இந்த அரை நாள் இல்லாத பயிற்சி நிற்பதில்லை. பணம் குறைவு என்றால் முதல் இரண்டு நாளை ஒன்றாக்கிக்கொண்டு இதை வைத்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஒரு இளம் டீச்சர் கொண்டுவந்த தாள்களைச் சொல்ல வேண்டும். அவர் வகுப்பில் எடுத்த ஆவணம், ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. தொட்டிச் சுவரில் கடைசியாகச் சுத்தம் செய்த நாளைப் பெயிண்டால் எழுதியிருப்பார்களே, அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்து எழுதி வந்தார்கள். நாலரை மாதத்துக்கு முந்தைய தேதி. யார் எழுதியது, யாருக்காக எழுதியது, இதில் என்ன இல்லை என்று கேட்டுப் பத்தி எழுதினார்கள். ஒரு மாணவியின் பத்தி கோரிக்கை மனுவாகி, அக்டோபர் 2 கிராம சபைக்குப் போனது. 'தொட்டியை நாலரை மாதமாகக் கழுவவில்லை' என்பது அவள் கருத்து. சான்று, சுவரில் உள்ள தேதி.

ஊராட்சி செயலர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு ஒரு பதிவேட்டை எடுத்து வந்திருக்கிறார். அதில் இடையில் ஆறு முறை கழுவியதாகக் குறிப்பு, ஆபரேட்டரின் கையெழுத்தோடு. பெயிண்ட் மாற்றவில்லை, அவ்வளவுதான் என்றாராம். அந்தப் பெண் வகுப்புக்குத் திரும்பி அழுதுவிட்டாள் என்றார் டீச்சர். தோற்றுவிட்டோம் என்று வகுப்பே சோர்ந்து இருந்திருக்கிறது. டீச்சர் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. இரண்டு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு, "இப்ப எதை நம்பலாம், எதுக்காக?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஒரு பீரியட் முழுக்கப் பேசினார்கள். பதிவேட்டில் ஆறு கையெழுத்தும் ஒரே மையில் இருந்ததை ஒரு பையன் கவனித்திருக்கிறான். ஒரே பேனாவாகவும் இருக்கலாமே என்று இன்னொருவன். சுவரில் இருப்பதை ஊரே பார்க்கலாம், பதிவேட்டை யார் பார்க்க முடியும் என்று அந்த மாணவி கேட்டாள்.

அவள் இரண்டாவதாக எழுதிய பத்தியில் தொட்டியைக் கழுவவில்லை என்ற வாக்கியம் இல்லை. 'கழுவிய நாள் பதிவேட்டில் இருக்கிறது, சுவரில் இல்லை. தண்ணீர் குடிப்பவர்கள் தினமும் பார்ப்பது சுவரை. பதிவேட்டை அவர்கள் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை கழுவியதும் அன்றே சுவரில் தேதியை மாற்ற வேண்டும், அடுத்த கிராம சபையில் பதிவேட்டையும் வாசிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். இப்போது பயிற்சியில் உத்திரமேரூர் தாளுக்கு முன்னால் அவளுடைய இரண்டு பத்திகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். இடையில் என்ன நடந்திருக்கும் என்று ஆசிரியர்கள் முதலில் ஊகித்து எழுத வேண்டும்.